ஒற்று நீக்கி

மூன்று நாள் வேலை, நாளுக்கு நூற்றிருபது வெள்ளி.
எக்ஸ்போவின் ஐந்தாம் மண்டபத்தில்
ஹொக்கைடோவின் நண்டுக்கும் ஒசாகாவின் நெரிசலுக்கும் நடுவே
ஆள் நிற்காத ஒரு மேசை: மட்சுயாமா.
ஆரஞ்சுப்பழம் அச்சிட்ட நீல அங்கியை
என் சுடிதார்மேல் மாட்டச் சொல்லி
இடுப்பு வளைய வணங்கினார் ஹொசொகாவா.
நகராட்சி ஆள். குளிரூட்டியிலும் அவருக்கு வியர்த்தது.

முதல் நாள் மதியத்துக்குள் மனப்பாடம்.
குன்றின்மேல் கோட்டை,
ஒற்றை நாற்காலியில் கால் தொங்கத் தொங்க ஏறலாம்.
மரத்தால் எழும்பிய மூன்றடுக்கு வெந்நீர்க் கூடம்,
அடிபட்ட கொக்கொன்று காலை நனைத்துக்
குணமாகிப் பறந்த இடம் என்பார்கள்.
நோயில் படுத்தபடியே
குறுங்கவிதையைப் புதுப்பித்துவிட்டுப் போன ஒருவர் பிறந்த ஊர்.
நேரடி விமானமா? இல்லைங்க.
ஹிரோஷிமாவிலிருந்து படகு உண்டு
என்று முடிப்பதற்குள்
பாதிப்பேர் நண்டுக்குப் போயிருப்பார்கள்.

மேசையோரம் ஒரு தபால்பெட்டி.
அந்த ஊரில் டிராமுக்குள்ளேகூட இப்படி உண்டாம்,
போகிற வழியில் தோன்றியதை எழுதிப் போடலாம்.
இங்கே விழுந்தவை:
குலுக்கல் சீட்டு பதினொன்று,
கோப்பிக்கடை ரசீது,
கழிவறை எந்தப் பக்கம் என்றொரு கேள்வி,
நாலாய் மடித்த மிட்டாய்த்தாள்.

இரண்டாம் நாள், நாலு மணி இருக்கும்.
பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருத்தி வந்தாள்.
சட்டையில் பெயர்: புஷ்பலீலா.
கோட்டையைப் புரட்டினாள். கொக்கைப் புரட்டினாள்.
டிராம் படத்தில் விரல் நின்றது.
“இது என்ன, தண்டவாளத்தைத் தண்டவாளம் வெட்டுது?”

அங்கே ஓரிடத்தில்
டிராம் பாதையும் ரயில் பாதையும்
கூட்டல் குறிபோல் குறுக்கிடும் என்றேன்.
ரயில் வந்தால் டிராம் நிற்கும்.
“காரோட காரா நிக்குமா?”
நிற்கும்.
“பின்னால யாரும் ஹார்ன் அடிக்க மாட்டாங்க?”
ஹொசொகாவாவிடம் கேட்டேன்.
அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை.
அதைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தாள்,
பென்சிலை எடுத்தாள்,
எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று எழுதினாள்.
ஷிப்டுக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டாள்.

ஞாயிறு இரவு
பெட்டியைத் திறந்து கொட்டினோம்.
குப்பைக்குள் அந்தத் தாள்:

கடைசி வண்டி
விளக்கை அணைத்தபின்
மழை ஏறிற்று

தொடக்கக் கல்லூரியில்
மதிப்பெண்ணுக்காக விழுங்கிய யாப்பு
விரலில் வந்து உட்கார்ந்தது.
கட்டளைக் கலித்துறை அடியில்
ஒற்று நீக்கி எண்ண வேண்டும்:
நேரில் தொடங்கினால் பதினாறு,
நிரையில் தொடங்கினால் பதினேழு.
கடை. நிரை.
எண்ணினேன். ஐந்து. ஏழு. ஐந்து.
நம்பாமல் இன்னொரு தடவை, கட்டைவிரலிலிருந்து.

அவள் எண்ணியிருப்பாளா?
எண்ணியிருக்க மாட்டாள் என்று ஏன் நினைத்தேன்?
அந்த நினைப்புக்கு எனக்கே கூச்சமாக இருந்தது.

ஜப்பானியத்தில் சொல்லிப் பார்த்தேன்.
எப்படி மடக்கினாலும் இருபத்திரண்டு.
ஹொசொகாவா எண்ணவில்லை.
கையிலிருந்த ஒட்டுநாடாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:
மழை எங்கே இறங்கியது?

தெரியாது.
தொடர்பு எண் என்ற கட்டத்தில்
அறுபத்தேழு என்று மட்டும் இருந்தது.
அது பேருந்தின் எண்.

மற்ற தாள்கள் அட்டைப்பெட்டிக்குப் போயின.
இதை அவர் தன் கடவுச்சீட்டுக்குள் வைத்தார்,
குடிநுழைவு முத்திரைக்கு எதிர்ப்பக்கம்.
நான் அங்கியைக் கழற்றி மடித்தேன்.
எதிரே நண்டுக் கடையில்
விளக்குகளை ஒவ்வொன்றாய் அணைத்துக்கொண்டிருந்தார்கள்.